அரண்மனையும் அடுத்த வீட்டுச் சுவரும்

பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர். நடுவில் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சீமைக்குப் போனார். மறுபடி வேலையில் சேர ஆசை வந்தது. சிபாரிசுக் கடிதத்துக்குப் பதிலாக அவர் கம்பெனி டைரக்டர்களுக்கு முன்னால் வைத்தவை, தாமே எழுதிய பத்து எண்ணெய் வர்ணச் சித்திரங்கள். எல்லாம் நம் நாட்டுக் காட்சிகள். 1773-ம் ஆண்டில் அவற்றைக் காணிக்கை கொடுத்து, காப்டன் பதவியைப் பெற்றுக்கொண்டு கப்பல் ஏறினார்.

சித்திரம் அவருக்குத் தொழில் அல்ல, பட்டாளம்தான் தொழில். ஆனாலும் எதை எழுதினால் பலன் உண்டு என்று தெரிந்தவர். மண்டபம், சமாதி, மலைக்கோட்டை என்று பெரிய பெரிய கட்டடங்களாகத்தான் அவர் கண்ணில் பட்டன. அந்த மண்டபத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் உலை கொதித்திருக்கும். ஒரு கிழவி சுவரில் சாய்ந்து வெற்றிலை இடித்திருப்பாள். அதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் எந்த டைரக்டர் வேலை கொடுப்பார்?

இந்த வார்டின் மகன் எங்கள் பக்கத்துக்கே வந்தார். பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு என்று பெயர். நில அளவைக்காரர். 1821-ல் பழனி மலையை அளக்க வந்து, பெரியகுளத்துக்கு மேலே இருக்கிற வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். தகப்பனார் கட்டடம் எழுதினார். மகன் தேசப்படம் எழுதினார். தேசப்படத்தில் ஊர் ஒரு புள்ளி. புள்ளிக்குள்ளே அடுப்படி தெரியாது.

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் சித்திரமாக உண்டு. வர்ணமும் கோடும் கண்ணை விட்டு நகரா. ஆனால் அதே போடியில் மலையிலிருந்து சுமை இறக்கி வந்தவன் எப்படிப்பட்ட திண்ணையில் உட்கார்ந்தான், அவன் வீட்டு மாடக்குழியில் விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்க ஒரு சாண் படம்கூட இல்லை. அரண்மனைக்குத் தெய்வமும் ராஜாவும் வேண்டும். கம்பெனிக்கு அரண்மனை வேண்டும். கூலி கொடுக்கிறவர் கேட்பதைத்தான் தூரிகை எழுதும்.

அப்படியானால் யாரும் கேட்காததை எழுதுகிறவன் யார்?

தாமஸ் ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1742-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். இவர் தொழில்முறைச் சித்திரக்காரர். இத்தாலிக்குப் போய்ப் பெரிய இயற்கைக் காட்சிகளை எழுதி விற்கப் பார்த்தார். வியாபாரம் சுமார்தான். 1780 முதல் 1783 வரை நேப்பிள்ஸ் நகரில் குடியிருந்த காலத்தில், விற்பனைக்கு என்று இல்லாமல், சுற்றுப்புறத்து மாடிகளையும் சுவர்களையும் சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி வைத்தார். அவற்றில் ஒன்று, 1782-ஐ ஒட்டி எழுதியது, இன்று லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. உயரம் 11.4 சென்டிமீட்டர், அகலம் 16. நம் தபால் கார்டைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

படத்தில் என்ன இருக்கிறது? ஒரு சுவர். காரை உதிர்ந்த பழைய சுவர். கட்டியபோது சாரம் நட்ட துளைகளை யாரும் அடைக்கவில்லை. நடுவில் ஒரு கதவும் சின்னப் பால்கனியும். அதில் துணி காய்கிறது. பால்கனிக்குக் கீழே தண்ணீர் வழிந்து வழிந்து கறை படிந்திருக்கிறது. மேலே ஒரு விரற்கடை நீலவானம். மனிதர் ஒருவரும் இல்லை. ஆனால் துணி உலர்த்திய கை இப்போதுதான் உள்ளே போயிற்று என்று தோன்றும்.

அண்ணன் இறந்து குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் 1787-க்குப் பிறகு ஜோன்ஸ் பண்ணையாராகி, 1803-ல் காலமானார். அந்தச் சின்னப் படங்கள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1954-ல் அவை விற்பனைக்கு வந்தபோதுதான் உலகம் ஜோன்ஸைத் திரும்பிப் பார்த்தது. அவர் பெருமையாக நினைத்த பெரிய படங்களைவிட இந்தச் சுவருக்குத்தான் இன்று மதிப்பு. நூற்றைம்பது வருஷத்துக்குமேல் ஒரு சுவர் பெட்டிக்குள் காத்துக்கொண்டிருந்தது!

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். சித்திரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, பாடம் படித்ததில்லை. தேனியில் மாடி அறையிலிருந்து பார்த்தால் மேற்கே மலை. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அடுத்த வீட்டுச் சுவரையும் எங்கள் சமையலறையையும்தான். காகிதம் தபால் கார்டு அளவு. இதற்குத் தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனி ஆடியில் எங்கள் பள்ளத்தாக்குக் காற்றில் பெரிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது.

வீட்டின் உட்புறத்தை எழுதுவது வெளியே எழுதுவதைவிடக் கடினம். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக ஒரு பாளம் வெளிச்சம் இறங்கும்; மற்றதெல்லாம் இருட்டு. இருட்டு என்று கறுப்பைத் தடவினால் படம் செத்துவிடும். நீலத்தையும் செங்காவியையும் குழைத்துப் பூசினால்தான் அந்த இருட்டுக்குள்ளே பாத்திரம் இருப்பது தெரியும். வெளிச்சத்துக்கு வர்ணமே கிடையாது. காகிதத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தை எழுதிய அன்று, குவியலின் பச்சையைவிட அவர்கள் முதுகுப்புறத்து நிழல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டார்: “ஏன் தம்பி, மலை இருக்கு, ஆறு இருக்கு, வீரபாண்டிக் கோயிலு இருக்கு. எங்க வீட்டு ஓட்டைச் சுவத்தையா படம் போடுறீக?”

“சுவரு நல்லா இருக்கும்மா.”

“சரி, கொடியில காயுற துணியையாச்சும் எடுத்திரவா?”

“ஐயோ, அது இருக்கட்டும். அதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்.”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். ஜோன்ஸையும் நேப்பிள்ஸில் யாராவது அப்படிப் பார்த்திருக்கக்கூடும்.

கையில் ஆளுக்கொரு காமிரா இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். காமிராவை யாரும் தினசரி பார்க்கிற இடத்தை நோக்கித் திருப்புவதில்லை என்பதே என் அனுபவம். கல்யாணத்துக்குத் திருப்புகிறார்கள், அருவிக்குத் திருப்புகிறார்கள். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் போட்ட ரயில் பாதையில் 2010-ம் ஆண்டின் முடிவோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப் பாதை போட்டு, வண்டி மறுபடி போடி போய்ச் சேர 2023 ஜூன் ஆயிற்று. இடையில் பழைய நிலையத்தின் டிக்கெட் ஜன்னலை நினைவு வைத்திருந்தவர்களும் குறைந்துபோனார்கள்.

என்னிடம் அந்த ஜன்னல் இருக்கிறது. வண்டி நிற்பதற்கு முந்திய வருஷம் எழுதியது. கம்பிக்குக் கீழே ஒரு மரப்பலகை. டிக்கெட் வாங்குகிறவர்களின் முழங்கை பட்டுப் பட்டு நடுவில் மட்டும் மெருகேறிப் பளபளத்தது. அந்த மெருகை எழுதத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். சென்ற ஆண்டு வேறு காரியமாக வீட்டுக்கு வந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்த வாரம் தம் சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார்.