லிட்டர் யுத்தம் – 6: நூறு மில்லிமீட்டர்

சென்ற வாரம் டபிள்யூ.ஓ. பென்ட்லியைப் பிரான்ஸில் ஒரு முச்சந்தியில் விட்டுவிட்டு வந்தோம். ஆண்டு 1924. லியோன் நகரில் கிராண்ட் ப்ரீ பந்தயத்தைப் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இருப்பது இன்னும் விற்பனைக்கு வராத ஆறு சிலிண்டர் சோதனைக் கார். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று அவலட்சணமான ஒரு ரேடியேட்டரை மாட்டி, ‘தி சன்’ என்ற பொய்ப்பெயரில் பதிவு செய்திருந்தார்கள். அப்போதுதான் பக்கத்துச் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இன்னொரு பெரிய கார் வந்தது.

டபிள்யூ.ஓ.வுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. அது ரோல்ஸ் ராய்ஸ். அடுத்த ஆண்டு ‘ஃபேன்டம்’ என்ற பெயரில் வெளிவரப்போகிற வண்டியும் இதே சாலைகளில் ரகசியமாகச் சோதனை ஓட்டத்தில் இருந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். யாரும் கொடி அசைக்கவில்லை. ஆனால் இரண்டு கார்களிலும் ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டது.

அந்தச் சாலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. ஒன்றை ஒன்று முந்த முடியவில்லை. கடைசியில் ரோல்ஸ் ராய்ஸில் இருந்தவரின் தொப்பி காற்றில் போக, அதை எடுக்க அவர்கள் நிறுத்தினார்கள். போட்டி அத்தோடு முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். பென்ட்லியின் எஞ்சின் சுமார் நாலேகால் லிட்டர். ரோல்ஸ் ராய்ஸினுடையது 7.7 லிட்டர். கிட்டத்தட்ட பாதி அளவு எஞ்சினை வைத்துக்கொண்டு சரிக்குச் சரியாக ஓடியிருக்கிறார். வேறொருவராக இருந்தால் இந்தக் கதையையே விளம்பரமாக்கியிருப்பார். டபிள்யூ.ஓ. ஊர் திரும்பியதும் அந்த எஞ்சினை ஒதுக்கிவைத்துவிட்டு, பெரிதாக ஒன்று வேண்டும் என்றார். அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான தீர்ப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். சமமாக ஓடுவது அவருக்குப் போதவில்லை.

எஞ்சினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்க அன்றும் மூன்று வழிகள்தான் இருந்தன. அதை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கலாம். சூப்பர்சார்ஜர் வைத்துக் காற்றை உள்ளே திணிக்கலாம். இல்லையென்றால் சிலிண்டரையே பெரிதாக்கலாம். முதல் வழியில் உறுப்புகள் களைத்துப்போகும். இரண்டாவது வழியை டபிள்யூ.ஓ. கடைசிவரை வெறுத்தார். அந்த வெறுப்பு அவருடைய கம்பெனிக்குள்ளேயே ஒரு போரை மூட்டியதைப் பின்னால் பார்ப்போம். அவர் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி.

சோதனைக் காரின் சிலிண்டர் அகலம், அதாவது போர், 80 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 140. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 100 ஆக்கச் சொன்னார். அகலம் கூடியது கால் பங்குதான். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் கொள்ளளவு ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. நாலேகால் லிட்டர் எஞ்சின் 6,597 சி.சி. ஆனது. ‘ஆறரை லிட்டர் பென்ட்லி’ பிறந்தது இப்படித்தான்.

எழுத எளிது, செய்வது அப்படியல்ல. பட்டறையில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்களே, அது ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவான விவகாரம். இருபது மில்லிமீட்டரைப் பழைய பிளாக்கில் கடைய முடியாது. சுவரே மிஞ்சாது. சிலிண்டர்களைத் தள்ளித்தள்ளி வைத்துப் புதிதாக வார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் நீளும், எடையும் கூடும். பிஸ்டன் பெரிதானால் அதுவும் கனக்கும். இந்த இடத்தில்தான் முதல் வாரம் நாம் பார்த்த அந்தச் சின்ன அலுமினிய பிஸ்டன் கைகொடுத்தது. 1913இல் டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சு கார் கம்பெனியின் தொழிற்சாலை மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த அதைப் பார்த்த நாளிலிருந்து டபிள்யூ.ஓ. வார்ப்பிரும்பு பிஸ்டனைக் கைவிட்டிருந்தார்.

இன்னொரு தடை இங்கிலாந்து அரசாங்கம். 1921 முதல் கார் வரியை ‘குதிரைத்திறன்’ கணக்கில் வசூலித்தார்கள். ஒரு குதிரைக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைத்திறனை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. போரின் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கும் ஒரு சூத்திரத்தில் கணக்கிட்டார்கள். ஸ்ட்ரோக் அதில் இடம்பெறவே இல்லை. அதனால் ஆங்கிலேய எஞ்சின்களெல்லாம் ஒடுக்கமாகவும் உயரமாகவும் வளர்ந்தன. டபிள்யூ.ஓ.வின் முதல் எஞ்சினான மூன்று லிட்டரும் அப்படித்தான்: போர் 80, ஸ்ட்ரோக் 149. வரிக்கணக்கில் 15.9 குதிரை. போரை 100 ஆக்கினால், அதே நான்கு சிலிண்டருக்கு 24.8. வாங்குகிறவர் ஆண்டுதோறும் ஒன்பது பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும்.

தெரிந்தேதான் அடுத்த அடியையும் எடுத்துவைத்தார். மூன்று லிட்டர் கார் 1924இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஆனால் 1925இலும் 1926இலும் தோற்றது. குறிப்பாக 1926ஐ மறக்க முடியாது. பந்தயம் முடியச் சிறிது நேரமே இருக்கையில், முன்னால் போகும் காரைப் பிடிக்கும் வேகத்தில் சாமி டேவிஸ் 7ஆம் எண் பென்ட்லியை மணல் மேட்டில் கொண்டுபோய்ச் செருகிவிட்டார். அவர் ‘ஆட்டோகார்’ பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர்.

மூன்று லிட்டரின் காலம் முடிகிறது என்று பென்ட்லியின் கிரிக்கிள்வுட் தொழிற்சாலைக்குப் புரிந்துவிட்டது. புதிய ஆறரை லிட்டர் எஞ்சினின் போரையும் ஸ்ட்ரோக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஆறுக்குப் பதில் நான்கு சிலிண்டராக வார்த்தார்கள். 4,398 சி.சி. அதுதான் நாலரை லிட்டர். சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. வால்வைத் தேய்க்க வேண்டுமென்றாலும் முழு பிளாக்கையும் தூக்கியாக வேண்டும். மெக்கானிக்குக்குத் தொல்லை, பந்தயத்தில் வரம். இடையில் கேஸ்கெட்டே இல்லாததால் ஊதிப்போகவும் வழியில்லை.

1927 ஜூன் 18, சனிக்கிழமை. மாலை 4 மணிக்கு லெ மானில் பந்தயம் தொடங்கியது. பென்ட்லி அணியில் மூன்று கார்கள். ஒன்று புத்தம் புதிய நாலரை லிட்டர். ‘ஓல்ட் மதர் கன்’ என்று பின்னால் பெயர் பெற்ற வண்டி. மற்ற இரண்டும் மூன்று லிட்டர். அவற்றில் ஒன்று போன வருடம் மணலில் புதைந்த அதே கார். ஓட்டுபவரும் அதே சாமி டேவிஸ். கூட்டாளி டாக்டர் பெஞ்சாஃபீல்ட்.

நூறு மில்லிமீட்டர் போர் என்ன செய்யும் என்பது தொடக்கச் சுற்றுகளிலேயே தெரிந்துவிட்டது. ஃபிராங்க் கிளெமென்ட் நாலரை லிட்டரில் சுற்றுவேகச் சாதனையை முறித்து முன்னணியில் பறந்தார். பின்னால் மற்ற இரண்டு பென்ட்லிகள். இருட்டத் தொடங்கும்போது கிளெமென்ட் இறங்க, லெஸ்லி காலிங்ஹாம் ஏறினார்.

‘வெள்ளை வீடு’ என்ற பண்ணை வீட்டருகே சாலை ஒடுங்கி வளையும். காலிங்ஹாம் அந்த வளைவில் நுழைந்தபோது, ஒரு பிரெஞ்சுக் கார் கட்டுப்பாடிழந்து குறுக்கே நின்றது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். நாலரை லிட்டர் பள்ளத்தில் பாய்ந்து புரண்டது. அவர் வெளியே தூக்கியெறியப்பட்டார். அடுத்து வந்த ஜார்ஜ் டல்லரின் மூன்று லிட்டரும் அதே குவியலில் மோதியது.

மூன்றாவதாக டேவிஸ் வந்துகொண்டிருந்தார். வளைவுக்கு முன்னால் சாலையில் மண்ணும் மரச் சிராய்களும் சிதறிக் கிடப்பது ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்தது. எதற்கென்று புரியாமலே வேகத்தைக் குறைத்தார். வளைவைத் திரும்பியதும் சாலையை அடைத்துக்கொண்டு நொறுங்கிய கார்கள். சக்கரத்தைத் திருப்பி வண்டியைப் பக்கவாட்டில் சரியவிட்டார். அப்படியும் மோதலைத் தவிர்க்க முடியவில்லை.

நண்பர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று இறங்கித் தேடினார். யாரும் சாகவில்லை. பிறகு தன் காரைப் பார்த்தார். ஒரு ஹெட்லைட் தூள். மட்கார்டு நசுங்கிவிட்டது. முன் ஆக்சிலும் சட்டமும் வளைந்திருந்தன. ஆனால் எஞ்சின் ஓடியது. குவியலிலிருந்து பின்னால் எடுத்து, மெல்ல உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்துசேர்ந்தார்.

விதிப்படி அங்கே மெக்கானிக் யாரும் காரைத் தொட முடியாது. ஓட்டுநர் தன் கையால், வண்டியில் இருக்கும் கருவிகளைக் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும். பந்தயம் முடியப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. புதிய எஞ்சின் பள்ளத்தில் கிடக்கிறது. டேவிஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வளைந்த ஆக்சிலுக்கு அடியில் குனிந்தார். இந்த வண்டியில், இந்த இரவில், பெஞ்சாஃபீல்டை அனுப்பலாமா?

(தொடரும்)