கடாரத்தில் காற்றுக்குக் காத்திருந்தோர்

கடாரம் என்றவுடன் தமிழ் கற்றோர் நினைவுக்கு வருவது வெற்றி. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்தி அவ்வூரை வென்றான். கடாரங் கொண்டான் எனப் பெயர் பெற்றான். பள்ளிப் பாடநூல் தொடங்கி மேடைப் பேச்சு வரை இச்செய்தி சொல்லப்படாத இடமில்லை. ஆயின் கடாரத்திற்கு வந்தவர் யாவர், எத்தனை நாள் தங்கினர், எதற்காகத் தங்கினர் என்னும் வினாக்களுக்கு மெய்க்கீர்த்தியில் விடை இல்லை. அரசன் புகழ் பாடுவோனுக்கு அது வேலையுமன்று. அவ்வூரில் தங்கிச் சென்ற ஒருவரின் எழுத்தே அதற்கு வேண்டும். அத்தகைய எழுத்து உண்டு. அதனை எழுதியவர் இராசேந்திரன் படையெடுப்புக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து வந்த இத்சிங் என்னும் பௌத்தத் துறவி.

ஊரின் பெயரைப் பற்றி முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகம் என்னும் ஊரையும் குறிக்கிறது. அதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார் நச்சினார்க்கினியர். அவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர். ஆதலின் அவ்வுரையைச் சங்க காலத்துச் சான்றாகவே கொண்டுவிடுதல் ஆகாது. வடமொழி நூல்களில் கடாகம் எனவும், சோழர் சாசனங்களில் கடாரம், கிடாரம் எனவும் இவ்வூர் வழங்கும். இத்சிங் எழுதிய பெயர் இன்றைய சீன ஒலிப்பில் 'சியேச்சா' என்பது போல ஒலிக்கும். அவர் காலத்து ஒலிப்பு 'கட்ட' என்பதனை ஒட்டியிருந்தது என்பர். கடாரம் பர்மாவில் உள்ளது என்று கருதிய அறிஞரும் முன்னர் இருந்தனர். 1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதே, அது மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள கெடாவே என்று காட்டினார். இன்று பெரும்பாலோர் கொள்வது அதுவே.

இத்சிங் 635ஆம் ஆண்டில் பிறந்தவர். 671ஆம் ஆண்டில், முப்பத்தாறு வயதினராக, குவாங்சௌ துறைமுகத்தில் பாரசீகர் கப்பல் ஒன்றில் ஏறினார். உடன் வருவதாகச் சொன்ன துறவியர் பலர் பின்வாங்கினர். இளைய மாணாக்கர் ஒருவரே துணை வந்தார். இருபது நாளுக்குள் கப்பல் சுமாத்திராவின் ஸ்ரீவிசயத்தை அடைந்தது. துணை வந்தவரோ நோயுற்று அங்கிருந்தே நாடு திரும்பினார். இத்சிங் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அந்நாட்டரசன் உதவியால் மலையூர் சேர்ந்து, அங்கு இரண்டு மாதம் இருந்து, பின் கடாரம் வந்தார். சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதத்தில், மீண்டும் அரசனுடைய கப்பலிலேயே ஏறி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். பத்து நாளுக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் ஆடையற்றோர் தீவு, அதாவது நக்கவாரம் என்னும் நிக்கோபார். மேலும் அரை மாதத்தில் வங்கத்துத் தாமிரலிப்தி. அங்கே அவர் இறங்கியது 673ஆம் ஆண்டின் தொடக்கம்.

இவ்வழியில் வரும் ஊர்ப்பெயர்களைத் தமிழாசிரியர் ஒருமுறை கூட்டிப் பார்த்தல் நலம். ஸ்ரீவிசயம், மலையூர், கடாரம், நக்கவாரம். இந்நான்கும் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியின் கடல்கடந்த வெற்றிப் பட்டியலில் உள்ளவை. அறிமுகமற்ற திசையில் சோழன் கப்பல்கள் சென்றன என்று எண்ணுவதற்கு இனி இடமில்லை. துறவியும் வணிகனும் பல தலைமுறையாகப் போய்வந்த வழியில் நின்ற துறைகளே பின்னர் படைக்கு இலக்காயின.

கடாரம் ஏன் இவ்வழியில் இன்றியமையாததாயிற்று? பாய்க்கப்பல் காற்றுக்கு அடிமை. கார்த்திகை, மார்கழியில் வீசும் வடகிழக்குக் காற்று மலாய்க் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து மேற்கே செல்ல உதவும். நடு ஆண்டில் வீசும் தென்மேற்குக் காற்று நேர் எதிரானது. ஒரு காற்றோடு வந்தவன் மறு காற்று எழும்வரை ஏதேனும் ஒரு துறையில் இருந்தே தீரவேண்டும். அத்துறையில் குடிநீர் வேண்டும், உணவு வேண்டும், கப்பலைச் செப்பனிட மரம் வேண்டும், ஆற்றுமுகத்தில் ஒதுங்க இடம் வேண்டும். மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் இவையனைத்தும் உடையது. அதன் வடக்கே ஏறத்தாழ நாலாயிரம் அடி உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, கலங்கரை விளக்கம் இல்லாக் காலத்தில் மாலுமிக்குத் தானே விளக்கமாக நின்றது.

காத்திருத்தல் எத்துணை நீண்டது என்பதை இத்சிங் திரும்பிய பயணம் காட்டும். நாளந்தாவில் பத்தாண்டுகள் கற்று, ஐந்து இலட்சம் சுலோக அளவுள்ள சுவடிகளோடு 685ஆம் ஆண்டளவில் அவர் மீண்டும் தாமிரலிப்தி வந்தார். அங்கிருந்து தென்கிழக்கே இரண்டு மாதப் பயணம் கடாரம் என்றும், அது ஸ்ரீவிசயத்திற்கு உட்பட்டது என்றும், கப்பல் வந்து சேர்வது முதல் அல்லது இரண்டாம் மாதம் என்றும், குளிர்காலம் வரை அங்கேயே தங்கிப் பின் ஒரு மாதத்தில் மலையூர் செல்லலாம் என்றும் தம் மொழிபெயர்ப்பு நூலொன்றின் குறிப்பில் எழுதினார். கணக்கிட்டுப் பார்த்தால் கடாரத்தில் ஏறத்தாழ முக்கால் ஆண்டு. மலையூரிலும் நடுக் கோடை வரை மீண்டும் காத்திருந்தே சீனத்துக்குக் கப்பலேற வேண்டும். கடலில் செல்லும் நாளினும் கரையில் இருக்கும் நாளே மிகுதி. இதை மறந்துவிட்டுப் பண்டைக் கடலோட்டத்தைப் பேசுவோர் பலர்.

இத்தனை மாதம் தங்கியும் கடாரத்துத் தெரு எப்படி, மக்கள் உடை எப்படி, அரண்மனை எங்கே என்று இத்சிங் ஒன்றும் எழுதவில்லை. அது ஏமாற்றந்தான். விநய ஒழுக்கமே அவர் கண்; பிறவெல்லாம் அவருக்குச் சிறிது. எனினும் தம் காலத்துத் துறவியர் வரலாற்றை அவர் எழுதிய நூலில், கடாரத்தில் கேட்ட ஒரு செய்தி தற்செயலாக வந்துவிடுகிறது. தௌலின் என்னும் துறவி என்ன ஆனார் என்று நெடுநாள் தெரியாதிருந்தது. இத்சிங் கடாரத்தில் இருந்தபோது, வடக்கேயுள்ள அயல்நாட்டான் ஒருவன் அங்கு வந்தான். தன் பக்கத்து நாட்டில் இரண்டு துறவியரைக் கண்டதாகச் சொன்னான். அவன் சொன்ன அடையாளங்களைக் கொண்டு அவர்கள் தௌலினும் சிகோங்குமே ஆதல் வேண்டும் என்று இத்சிங் தெளிந்தார். தாய்நாடு திரும்ப முயன்ற அவ்விருவரும் வழியில் கள்வர் தொல்லை கேட்டு வட இந்தியாவுக்கே மீண்டனராம். இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கப்பால் நடந்த செய்தி மலாய்க் கரையில் ஒரு சீனர் காதில் விழுகிறது. கடாரம் எத்தகைய ஊர் என்பதற்கு இதைவிட வேறு வருணனை வேண்டுவதில்லை.

அந்தச் சிகோங்கும் முன்னர்க் கடாரம் வழியே சென்றவர்தாம். சீனப் பேரரசின் தூதராக இந்தியா வந்த வாங் சுவான்சேயின் உடன்பிறந்தார் மகன் அவர். வூசிங் என்னும் துறவியோடு ஸ்ரீவிசயம் வந்தார். அங்கிருந்து அரசன் கப்பலில் பதினைந்து நாளில் மலையூர். மேலும் பதினைந்து நாளில் கடாரம். குளிர்காலத்தின் இறுதிவரை இருந்து, மேற்கு நோக்கிய கப்பலில் ஏறி, முப்பது நாளில் அவர்கள் இறங்கிய துறை நாகப்பட்டினம். அங்கிருந்து இரண்டு நாளில் சிங்களம் சென்று புத்தர் பல்லை வணங்கினர். கடாரத்துக்கும் நாகைக்கும் இடையே முப்பது நாள் என்னும் இக்கணக்கு, தமிழர் கடல் வரலாற்றில் பொன்னேபோல் போற்றத்தக்கது. அப்பரும் சம்பந்தரும் நாகைக் காரோணத்தைப் பாடிய அதே நூற்றாண்டில், அத்துறையில் கடாரத்துக் கப்பல் வந்து நின்றிருக்கிறது.

இதே இரண்டு ஊர்களைப் பிற்கால வரலாறும் இணைத்துக்கொண்டே வந்தது. நாகையில் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதனைச் சொல்லும். கொடுத்தவன் மகனே இருபது ஆண்டுக்குள் கடாரத்தைத் தாக்கினான் என்பது வேறு கதை. பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தபோதும் நாகை வழி மாறவில்லை. 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிப் பினாங்குத் துறையில் இறக்கியது. முப்பது நாள் ஏறத்தாழ ஒரு வாரமாகக் குறைந்தது. காத்திருத்தல் மட்டும் நீங்கவில்லை. தோட்டத் தொழிலாளர் நாகை முகாமில் கப்பலுக்காகவும், பினாங்கையடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகவும் காத்துக் கிடந்தனர். அங்கிருந்தே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் பலர் சென்றனர்.

இனி நக்கவாரத்தில் இத்சிங் கண்ட காட்சி. கப்பல் கரையை நெருங்கியதும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு படகுகள் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புப் பொருளும் ஏந்தி வந்து மொய்த்தன. அம்மக்கள் விரும்பிய பொருள் இரும்பு ஒன்றே. அது அவர்கள் தீவில் கிடையாது. இரண்டு விரல் அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய். வாணிகம் செய்ய மறுத்தால் நஞ்சு தோய்ந்த அம்பு பாயும். ஆதலின் இவ்வழிக் கப்பல்கள் இரும்பு கொண்டு செல்லுதல் வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும். கடாரத்தில் ஏற்றிய இரும்பு என்று அவர் சொல்லவில்லை. எனினும் பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் இடையே சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, இரும்புருக்கும் உலைகளின் எச்சமும், துருத்திக்குரிய சுடுமண் குழாய்களும், கசடுக் குவியலும், ஆற்றோரப் படகுத்துறைகளும் பெருவாரியாக வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்னும் கூற்றை எல்லாரும் ஏற்கவில்லை. இத்சிங் வருவதற்கு முன்பே அங்கு இரும்பு உருக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. கடாரத்தின் அடுத்த நிறுத்தத்தில் இரும்புக்கு இத்துணைக் கிராக்கி இருந்ததை இதனோடு வைத்து எண்ணுதல் தகும்.

சுங்கை பத்து என்பது தோட்டத்தின் பெயரும் ஆகும். இங்குதான் இவ்வரலாறு நம் மக்களைத் தொடுகிறது. 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி, அண்டையிலுள்ள வெல்லஸ்லி மாநிலத்தில் புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் கல்லெழுத்தைக் கண்டெடுத்தார். வங்கத்து இரத்தமிருத்திகையைச் சேர்ந்த அக்கப்பல் தலைவன், ஐந்தாம் நூற்றாண்டில் தன் பயணம் இனிது முடிய வேண்டிப் பொறித்தது அது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் பூஜாங் சமவெளியில் அகழ்ந்து, மலாய் மொழியில் 'சண்டி' எனப்படும் கோயில்களின் அடித்தளங்களுக்கு எண்ணிட்டார். புக்கிட் பத்து பகாட் சண்டி 1960ஆம் ஆண்டில் சீர்செய்யப்பட்டது. ஆனால் எண்ணிட்டவை யாவும் காக்கப்படவில்லை. பல, தனியார் தோட்ட நிலத்துக்குள் கிடந்தன. சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த பதினோராம் எண் சண்டி, வீடு கட்ட நிலம் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளிப்பட்டது. பால்மரம் சீவிய தமிழர் பல்லாண்டு நடந்த மண் அது. காலடியில் கிடந்த செங்கல் எவ்வூர்ச் செங்கல் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இருந்திருப்பின், அது அத்துணை எளிதாக மறைந்திராது.

கடாரத்தோடு முடிந்துபோன பயணம் ஒன்றும் இத்சிங் நூலில் உண்டு. பாசென் என்னும் துறவி, செங்வூ, செங்ரூ என்னும் இருவரோடு புறப்பட்டுத் தீவு தீவாகக் கடந்து கடாரம் வந்தார். வந்த சின்னாளில் நோயுற்று அங்கேயே இறந்தார். வயது முப்பத்தைந்தோ முப்பத்தாறோ. இந்தியா இன்னும் ஒரு கடல் தூரம். எஞ்சிய இருவரும் மனந்தளர்ந்து கீழ்த்திசைக் கப்பலில் ஏறித் திரும்பினர். வழியில் சம்பா நாட்டில் செங்வூவும் இறந்தார். செங்ரூ மட்டும் ஊர் சேர்ந்தார் என்று கேள்வி. சம்பாவிலிருந்து வந்தவர் சொல்லத் தாம் கேட்டதாகவும், உறுதியாக அறியவில்லை என்றும் இத்சிங் எழுதி வைத்தார்.