சாங்கிச் சிறையின் ஒட்டுத்துணிப் போர்வைகள்: தையலும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசு ஆவணம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஊசியும் நூலும் விட்டுச்சென்ற சான்றுகளை நாம் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை. அத்தகைய சான்றாகச் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் உருவான ஒட்டுத்துணிப் போர்வைகளை ஈண்டு நோக்குவோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு மார்ச் 8 அன்று ஐரோப்பியப் பெண்களும் சிறார்களும் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஏறத்தாழ 600 கைதிகளுக்கெனக் கட்டப்பெற்ற அச்சிறையில் அதனினும் பன்மடங்கினர் அடைக்கப்பட்டனர். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டமையால், கணவர் உயிரோடிருப்பதை மனைவி அறியவும் வழியில்லை.

இந்நிலையில் கனடாவைச் சேர்ந்த எதல் மல்வனி அம்மையார், போர்வை தைக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குலச் சதுரத் துணி வழங்கப்பட்டது. அதில் தம்மைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்துப் பெயரையும் பொறிக்க வேண்டும். சிறைச்சுவர், வீடு, மலர் எனப் பலவும் அவற்றில் இடம்பெற்றன. இவ்வாறு தைக்கப்பட்ட மூன்று போர்வைகள் இன்றும் உள்ளன. இரண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. மருத்துவமனைக்கு அனுப்பப்படும் போர்வை என்னும் பெயரில், தாம் உயிரோடிருக்கும் செய்தியை ஆண்கள் பகுதிக்கு எட்டச்செய்வதே அவற்றின் உள்நோக்கமாகும்.

ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள் உள்ளன. இங்கே தையலின் துல்லியம் இன்றியமையாததாகிறது. தையலுக்கு விடும் விளிம்பு ஒரு பக்கத்தில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும், இரு பக்கமும் சேர்ந்து சதுரம் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். பதினொரு சதுரங்கள் கொண்ட வரிசையில் அப்பிழை ஒன்றேகால் அங்குலத்திற்கும் மேலாகிவிடும். அடுத்த வரிசையோடு அது பொருந்தாது. பல கைகள் தனித்தனியே தைத்தவை ஒன்றாக இணைய வேண்டுமாயின், அனைவரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட வேண்டும்.

சிறையிலிருந்த சாரணச் சிறுமியர் ஏறத்தாழ இருபதின்மர், தம் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாரின் பிறந்தநாளுக்கெனத் தைத்த போர்வை இதனினும் நுணுக்கமானது. கந்தல் துணிகளை அறுகோணங்களாக வெட்டி, நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக மலர்போல் இணைத்துள்ளனர். அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று கூடினால் 360 பாகை. ஒரு துண்டின் மடிப்புப் பிசகினால் மூலை குவியும், அல்லது இடைவெளி விடும். பொதுவாக இவ்வகைத் தையலில் காகித அச்சின்மீது துணியை மடித்து, நூலோட்டிப் பிடித்து, விளிம்போடு விளிம்பை நுண்தையலால் இணைப்பர்; பின்னர் அச்சை அகற்றுவர். இப்போர்வை இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இச்சான்றுகள் நம்முன் ஒரு வினாவை எழுப்புகின்றன. இதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அங்கு மாண்ட தமிழருள் பெரும்பாலோரின் பெயர்கள் எப்பட்டியலிலும் இல்லை. சாங்கியின் பெண்கள் ஆறங்குலத் துணியில் தம் பெயரைப் பொறித்துக் காத்தனர். நம்மவர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. வாய்மொழி வரலாற்றையும் குடும்பங்களில் எஞ்சியுள்ள பொருள்களையும் தொகுப்பது இதனாலேயே நம் கடமையாகிறது.

வகுப்பறைக்கும் இது ஏற்ற பொருளாகும். தீவின் மேற்கிலுள்ள பூன் லே வட்டாரத்து மாணவர்க்குக் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கி, விமான நிலையமாகவே அறிமுகமாகியிருக்கும். தாத்தா பாட்டியின் பெயரையும் பிறந்த ஊரையும் ஆளுக்கொரு துணித்துண்டில் தைக்கச்செய்து, அவற்றை ஒரே அளவில் இணைக்கச்செய்யின், கணிதமும் கைத்திறனும் குடும்ப வரலாறும் ஒருங்கே கைவரும். அத்துணி அப்பள்ளியின் ஆவணமாகவும் நிற்கும்.