நந்தா விளக்கிலிருந்து ஆயுள் சிறை வரை: வெள்ளாற்று வட்டாரத்தில் உயிரின் மதிப்பும் தண்டனையின் அளவும்

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே வீராணம் ஏரியை ஒட்டிப் போனால் காட்டுமன்னார்கோயில் வரும். வடமேற்கே திரும்பினால் விருத்தாசலம். இரண்டும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் ஊர்கள். தென்திசை ஊரில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டுக் கொலை ஒன்றுக்கான தண்டனை கல்லில் இருக்கிறது. மற்ற திசையில், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003-ல் நடந்த இரட்டைக் கொலைக்கு 2025-ல்தான் உச்ச நீதிமன்றத்தின் இறுதிச் சொல் கிடைத்தது. கொன்றவனுக்கு எவ்வளவு தண்டனை தகும் என்ற கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளில் இந்த மண்ணில் கிடைத்த விடைகள் எப்படி மாறின என்பதை இக்கட்டுரை தேடுகிறது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள பொருத்தத்தை நாம் வழக்கமாகத் தீர்ப்பு நாளில்தான் பார்க்கிறோம். அந்தப் பொருத்தம் பெரும்பாலும் அதற்கு வெகுமுன்பே, எவருடைய சாவை எவர் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதிலேயே, முடிவாகிவிடுகிறது என்பது என் துணிபு.

உடையார்குடிக் கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழன் எனப்பட்ட ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பற்றி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையை அது சொல்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் என்று பெயர்கள் வருகின்றன. அரசு உயர்பதவிப் பட்டங்களைத் தாங்கிய பிராமணர்கள் என்பது பெயர்களிலிருந்தே தெரிகிறது. பட்டத்துக்குரிய இளவரசனைக் கொன்ற குற்றத்துக்கு இந்தக் கல் கொலைத் தண்டனை எதையும் சொல்லவில்லை. அது பேசுவதெல்லாம் நிலத்தையும் மனையையும் பற்றித்தான்.

ஆனால் அந்தச் சொத்துப் பறிப்பு குற்றவாளிகளோடு நிற்கவில்லை. உடன்பிறந்தவர்கள், மக்கள், மனைவியர், தாயோடு பிறந்த மாமன்மார், சகோதரிகளையும் மகள்களையும் மணந்தவர்கள் என்று உறவுக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கப்படுகின்றன. அந்த வரிசையைப் படிக்கும்போது, ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறவுப் பட்டியல் தண்டனைப் பட்டியலாக மாறிவிட்டது போல எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கூசுகிறது. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் குறித்து நீலகண்ட சாஸ்திரி முதல் குடவாயில் பாலசுப்ரமணியன் வரை அறிஞர்கள் மாறுபட்டு எழுதியிருக்கிறார்கள். இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் காலத்தில் நீதி நிறுத்திவைக்கப்பட்டதா என்பது அவ்விவாதத்தின் மையம். நம் கேள்விக்கு வேண்டியது வேறு: குற்றவாளியின் குலம் அவன் உயிரைக் காத்திருக்கக்கூடும், அவன் உறவோ குற்றமற்றவர்களின் வாழ்வைப் பறித்தது. செயலைவிடப் பிறப்பே தண்டனையின் அளவைத் தீர்மானித்தது.

அதே சோழர் காலத்தில் இன்னொரு போக்கும் இருந்தது. வேட்டைக்குப் போனவன் விலங்கென்று எய்த அம்பு மனிதன் மேல் பட்டு அவன் இறந்தான். வாய்ச்சண்டை கைகலப்பாகி ஒருவன் செத்தான். இத்தகைய சாவுகளைப் பற்றிய கல்வெட்டுகள் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பல உண்டு. நாட்டாரும் ஊராரும் கூடி விசாரித்தார்கள். கொல்லும் எண்ணம் இல்லை என்று கண்டால், உயிருக்கு உயிர் வாங்காமல் கோயிலில் நந்தா விளக்கு வைக்கச் சொன்னார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள், சில இடங்களில் 90. சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். ஆடுகள் செத்தாலும் மூத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் மந்தை நிற்கும். அதன் நெய்யில் விளக்கு அணையாமல் எரியும்.

இந்தத் தீர்வில் நுட்பமான அறிவு இருக்கிறது. சாவின் விளைவு ஒன்றாக இருந்தாலும் கொன்றவனின் மனம் ஒன்றல்ல என்பதை ஊர்ச்சபைகள் உணர்ந்திருந்தன. இன்னொரு சாவை உண்டாக்காமல், போன உயிரின் நினைவுக்குச் சாவாத ஒன்றை நிறுத்தின. ஆனால் ஆடு கோயிலுக்குப் போயிற்று. இறந்தவனின் மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன கிடைத்தது என்பதில் இந்தக் கல்வெட்டுகள் பொதுவாக அக்கறை காட்டுவதில்லை. 96 ஆடுகள் கொடுக்க முடிந்தவனுக்குத்தான் இந்த வழி திறந்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நூல்களில் பொருத்தம் பற்றிய சிந்தனை இன்னும் பழையது. கொடியவரைக் கொல்வதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடும் 550-ஆம் குறளைத் தூக்குத் தண்டனையின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஒரு சில பாக்கள் தள்ளி, வெருவந்தசெய்யாமை அதிகாரத்தின் முதற்குறளில், ஆராய்ந்தபின் குற்றத்துக்கு ஒத்த அளவில், அது மீண்டும் நிகழாதபடி ஒறுப்பவனே வேந்தன் என்று வள்ளுவர் சொல்வது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அடுத்த குறள், ஓங்கும்போது கடுமையும் விழும்போது மென்மையும் வேண்டும் என்கிறது. விசாரணையைத் தண்டனைக்கு முன்னால் வைத்த இந்த வரிசையே முக்கியம். கோவலன் கதையில் தவறியதும் அதுதான். மதுரையில் சிலம்புத் திருட்டுக்குக் கொலைத் தண்டனை அதிகமா என்று ஆராயும் முன்பே, யாரும் விசாரிக்கவில்லை என்பது நிற்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் குற்றவியல் நீதிமன்றங்கள் இசுலாமியச் சட்டத்தின் அடிப்படையில் நடந்தன. கொலையுண்டவனின் வாரிசுகள் மன்னிக்கலாம், அல்லது இரத்த ஈட்டுப் பணம் பெற்றுக்கொள்ளலாம் என்று அச்சட்டம் இடம் கொடுத்தது. கம்பெனி இந்த உரிமையைப் படிப்படியாக நீக்கியது. கொலை இனி அரசுக்கு எதிரான குற்றம். இறந்தவரின் குடும்பம் வெறும் சாட்சி. 1862 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், எண்ணத்தையும் ஆத்திரமூட்டலையும் கணக்கில் கொண்டு கொலையைப் பல படிகளாகப் பிரித்தது. குலத்துக்கேற்ற தண்டனையைச் சட்டப்புத்தகத்திலிருந்து அகற்றிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கொலைக்குத் தூக்கு விதிக்காத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். 1955-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நேர் தலைகீழாக்கியது: தூக்கு விதிப்பவர் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும், தண்டனையின் அளவு பற்றிக் குற்றவாளியைத் தனியே கேட்க வேண்டும். ஒரே முக்கால் நூற்றாண்டில் சாவு விதியாயிருந்து விலக்காயிற்று.

அந்த 1973-லேயே கீழ்வெண்மணி வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு அவ்வூரில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்கு விதித்த 10 ஆண்டுச் சிறையையும் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி விடுவித்தது. அதே இரவில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் இறந்ததற்காகக் கூலித் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 44-க்கு எதிரே ஒன்று. எந்தத் தண்டனைக் கோட்பாடும் இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. இங்கே தவறியது தண்டனையின் அளவு மட்டுமன்று, எவர் சொல் நம்பப்பட்டது என்பதும்தான்.

1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுள் சிறையே விதி, தூக்கு அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும் என்றது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவர் திருந்த வழியே இல்லை என்பதை அரசு காட்ட வேண்டும் என்றது. 1983-இல் மச்சி சிங் வழக்கு, தூக்குக்குரிய கொலைகளின் வகைகளைச் சொல்லும்போது, பட்டியல் சாதியினரைச் சமூகக் கொதிப்பை எழுப்பும் சூழலில் கொல்வதையும் சேர்த்தது. கொல்லப்பட்டவர் யார் என்பதும் எடைக்கல்லாயிற்று, இம்முறை எளியவர் பக்கமாக. அதே ஆண்டில் தமிழகத்திலிருந்து போன வைத்தீசுவரன் வழக்கு. 1975-இல் தூக்கு விதிக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு, அந்தக் காத்திருப்பே தண்டனைக்கு மேல் தண்டனை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி ஆயுளாகக் குறைத்தார். அவர் சொன்ன இரண்டாண்டு வரம்பைப் பின்வந்த அமர்வுகள் ஏற்கவில்லை. ஆனாலும் தாமதம் கணக்கில் வர வேண்டும் என்ற கருத்து நிலைத்தது. 2014 பிப்ரவரி 18-இல் இராசீவ் காந்தி வழக்கில் மூவரின் தூக்கு ஆயுளானது அதன் வழியாகத்தான்.

தாமதம் கைதியை வதைப்பதைச் சட்டம் கண்டுகொண்டது. கொல்லப்பட்டவரின் வீட்டை அது வதைப்பதற்கு அளவுகோல் இன்னும் உருவாகவில்லை.

புதுக்கூரைப்பேட்டை வழக்குக்கு நம் வட்டாரத்தில் ஒரு முன்கதை உண்டு. 1993 மார்ச்சில் முதனை கிராமத்து இராசாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல் நிலையப் பதிவு சொன்னது. வழக்கறிஞர் சந்துரு தொடுத்த ஆட்கொணர்வு மனு இல்லையென்றால் ஒரு கொலை ஓட்டமாகவே கணக்கில் இருந்திருக்கும். தண்டனை பற்றிய பேச்சுக்கே இடம் வந்திராது.

பத்தாண்டு கழித்துப் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, கண்ணகி வன்னியர். 2003 மே 5-இல் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சூலை 8-இல், மணமாகி இரண்டு மாதம் தாண்டியிருந்தபோது, பெண்ணின் உறவினர்கள் இருவரையும் பிடித்து விஷம் செலுத்திக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது இரு தரப்பிலும் ஆட்களைச் சேர்த்து, கொல்லப்பட்டவரின் சொந்தங்களையும் குற்றவாளிகளாக்கியது. உயர் நீதிமன்ற ஆணையால் 2004-இல் மத்தியப் புலனாய்வுத் துறை எடுத்த பிறகே வழக்கு நேரானது. உடையார்குடியில் குற்றவாளியின் உறவினர் தண்டிக்கப்பட்டார்கள். இங்கே பாதிக்கப்பட்டவரின் உறவினரையே அந்தக் கல்லின் பட்டியலில் ஏற்றப் பார்த்தார்கள்.

2021 செப்டம்பர் 24-இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் சகோதரருக்குத் தூக்கு. 12 பேருக்கு ஆயுள், அவர்களுள் இருவர் காவல் அதிகாரிகள். 2022 சூன் 8-இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக மாற்றி, இருவரை விடுவித்து, காவல் அதிகாரிகளில் ஒருவரின் ஆயுளை இரண்டாண்டாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் எஞ்சியவர்களின் மேல்முறையீடுகளைத் தள்ளியது.

ஆணவக் கொலைகள் அரிதினும் அரிதானவை, தூக்குக்கு உரியவை என்று 2011-இல் பகவான் தாஸ் வழக்கில் நீதிபதி மார்க்கண்டேய கட்சு எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தைக் குறைசொன்னவர்கள் உண்டு. உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக் கொலை வழக்கிலும் 2017-இல் ஆறு பேருக்கு விதித்த தூக்கு 2020-இல் ஒருவருக்கும் நிற்கவில்லை. ஐவருக்குக் குறைந்தது 25 ஆண்டுச் சிறையானது, ஒருவர் விடுதலையானார். நான் அந்தக் குறைகூறலோடு உடன்படவில்லை. சாதிக்காக ஓர் உயிரை மலிவாக்கியதுதான் குற்றம். அதற்கு விடையாக இன்னோர் உயிரை அரசு மலிவாக்குவதில் பொருத்தம் இல்லை. தூக்கைவிட ஆயுள் மெலிந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் தலைவர்களின் நூற்றாண்டு விழாக்களில் கைதிகளை விடுவிக்கும் நம் வழக்கம். மேலவளவு ஊராட்சித் தலைவர் கொலையில் 2001-இல் ஆயுள் பெற்ற 17 பேரில் மூவர் 2008-இலும் 13 பேர் 2019-இலும் அப்படி வெளியே வந்தார்கள். விடுவிக்கும் நாளைத் தீர்ப்பெழுதிய மன்றமே வரையறுப்பது உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் 2015 தீர்ப்புக்குப் பின் உறுதியான வழி. சங்கர் வழக்கில் அதைத்தான் செய்தார்கள்.

என்னை இன்னும் உறுத்துவது தூக்கு குறைந்தது அல்ல, காவல் அதிகாரி ஒருவரின் ஆயுள் இரண்டாண்டானது. பொய்யாகப் பதிந்த வழக்கு 18 ஆண்டுகளைத் தின்றது; சாட்சிகள் அத்தனை காலமும் அதே ஊர்களில், அதே தெருக்களில் வாழ்ந்தார்கள். கொலையில் கை வைக்காதவரின் பங்கு என்று அது சட்டப்படி சிறியதாகலாம். பாதிக்கப்பட்ட வீட்டின் தராசில் அது சிறியதன்று.

உடையார்குடியில் துரோகிகளின் நிலம் கைமாறிப் பிராமணர்களுக்கு உணவளிக்கும் அறத்துக்குப் போனது. வேட்டையில் தவறியவனின் ஆடுகள் விளக்குக்குப் போயின. கம்பெனி காலம் முதல் அபராதம் கருவூலத்துக்குப் போனது. 2025 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், முருகேசனின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கொடுக்க வேண்டியது தமிழ்நாடு அரசு.