பதினான்கு நாள் துண்டு: தற்காலிகச் சாரதி அனுமதியும் மன்னார்க் கரையின் தூரமும்

மன்னார்த் தீவிலிருந்து வாகனம் வெளியேற ஒரே வழி தாம்போதிதான். பேசாலையில் ஏற்றிய மீன் அதைக் கடந்து, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாக விடியுமுன் பேலியகொடைச் சந்தையைச் சேரவேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். இடையில் ஒரு சிறு மீறலுக்காகப் பொலிஸார் மறித்துத் தண்டப்பணச் சீட்டு எழுதினால், சாரதி அனுமதிப்பத்திரம் அவர்கள் வசமாகிறது. அந்தச் சீட்டே 14 நாளுக்குத் தற்காலிக அனுமதியாகிறது. சாரதிகள் பேச்சில் அது வெறும் 'துண்டு'. ஐஸ் தண்ணீர் ஊறிய சட்டைப்பையில் நாலாக மடிந்து கிடக்கும் மெல்லிய தாள் அது. மடிப்பில் மை கரைந்துவிட்டால் அடுத்த சோதனைச் சாவடியில் என்ன சொல்வது என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு.

இந்தத் துண்டு காலத்தைக் கணக்கில் எடுக்கிறது, தூரத்தை எடுப்பதில்லை என்பதே என் வாதம்.

நடைமுறையைப் பார்ப்போம். தண்டத்தை 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவறினால் 28ஆம் நாள்வரை இருமடங்கு. அதற்குப் பின் நீதிமன்றம். மன்னார் நகரில் பிடிபட்ட மன்னார்க்காரருக்கு இது அரைநாள் வேலை. புத்தளத்தில் பிடிபட்ட பேசாலைச் சாரதி தண்டத்தை ஊர்த் தபாலகத்திலேயே கட்டிவிடலாம். ஆனால் அனுமதிப்பத்திரம் இருப்பது எழுதிய பொலிஸ் நிலையத்தில். இரவெல்லாம் ஓடிவிட்டுப் பகலில் உறங்கவேண்டியவர் அதற்காக இன்னொரு பயணம் போகிறார். பல வேளைகளில் தண்டத்தைவிட அந்த ஒருநாள் உழைப்பே பெரிய இழப்பு. ஒரே மீறலுக்கு இருவர் இருவேறு விலை கொடுக்கிறார்கள். அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்தோடு இதைப் பொருத்துவது எளிதல்ல.

குற்றத்தை மறுப்பவரின் நிலை இன்னும் கடினம். நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்கிறது 13(5)ஆம் உறுப்புரை. தற்காலிக அனுமதியின் நியாயமே அதுதான்: இன்னும் தீர்ப்பாகவில்லை, ஆகவே ஓட்டலாம். ஆனால் மறுத்து நிற்பவர் மீறல் நிகழ்ந்த இடத்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 24ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற மொழி வடக்கு, கிழக்கில் தமிழ். ஏனைய மாகாணங்களில் சிங்களம். மொழிபெயர்ப்புக்கு உரிமை உண்டென்றாலும், வேலையை விட்டுத் தவணைக்குத் தவணை போவதைவிடச் செய்யாத பிழைக்கும் தண்டம் கட்டிவிடுவதே அவருக்கு மலிவு. அங்கே நிரபராதி என்ற அனுமானம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

15ஆம் நாளிலிருந்து 28ஆம் நாள்வரையான இடைவெளியும் கவனத்துக்குரியது. அப்போது தண்டம் கட்டச் சட்டம் இடம் தருகிறது. துண்டின் 14 நாள் ஆயுளோ முடிந்துவிடுகிறது. இருமடங்கு கட்டவேண்டியவருக்கு அந்தப் பணத்தை உழைக்கும் வழி அடைபடுகிறது.

காலக்கெடுவை நீட்டுவது இயலாத காரியமும் அல்ல. டொலர் நெருக்கடியில் அனுமதிப்பத்திர அட்டை அச்சிட வழியின்றிப் போனபோது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தாளில் தற்காலிக அனுமதிகளை வழங்கி, அவற்றின் காலத்தையும் நீட்டியது. குறை அரசின் பக்கம் இருந்தபோது தாள் போதுமானதாயிற்று. குடிமகனின் பக்கம் தூரம் என்ற தடை இருக்கும்போதும் அதே நெகிழ்வைக் கேட்பது நியாயமே.

அரசுக்குரிய கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்த 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே (GovPay) முறை, அவ்வாண்டு ஏப்ரலில் குருநாகலுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே வீதித் தண்டங்களுக்குப் பரீட்சிக்கப்பட்டது. அங்கேயே கைபேசியில் கட்டினால் அனுமதிப்பத்திரம் கைமாறத் தேவையில்லை. நல்ல மாற்றம். ஆனால் கணக்கில் அந்நேரம் பணம் உள்ளவருக்கும், குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குமே அது உதவும். மீன் விற்ற பிறகே கூலி காணும் சாரதிக்கும், மறுப்பவருக்கும் பழைய துண்டுதான் மிச்சம்.

ஆகவே இரண்டு திருத்தங்கள் வேண்டும். துண்டு, தண்டம் கட்டும் இறுதிநாள்வரையும், வழக்கானால் தீர்ப்புவரையும் செல்லுபடியாகவேண்டும். தண்டம் கட்டியபின் அனுமதிப்பத்திரம் சாரதியின் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பப்படவேண்டும். எந்த ஊர் என்று விசாரிக்கவும் வேண்டியதில்லை. அவரது விலாசம் அந்த அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.