பருத்திக்காட்டில் பிறந்த பாட்டு



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அப்படியானால், எழுதப் படிக்க வாய்ப்பில்லாத உழைப்பாளிகளுக்கு வரலாறு கிடையாதா? உண்டு. பல நாடுகளில் அது பாட்டாக வாழ்ந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டுகள் அத்தகையவை. அவற்றுக்குப் ‘புளூஸ்’ என்று பெயர்.

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘ஒன் கைண்ட் ஃபேவர்’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. ‘அன்பான ஓர் உதவி’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கித்தார் மீட்டிப் பாடியவர் பி. பி. கிங். அப்போது அவருக்கு வயது 82. உலகப் புகழ் பெற்றுவிட்ட அவர், அந்தத் தொகுப்பில் புதுப்பாட்டு எதையும் பாடவில்லை. 12 பாட்டுகளும் அவருக்கு முன்பே பிறர் பாடிய பழைய பாட்டுகள். ஏன் அப்படிச் செய்தார்? அதை அறிய அவர் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும்.

ரைலி கிங் என்பது அவருடைய இயற்பெயர். 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தில், இட்டா பீனா என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். 1865ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால், விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் பழைய முதலாளிகளின் நிலத்திலேயே வாரத்திற்குப் பயிரிட்டார்கள். நிலமும் விதையும் முதலாளி கொடுப்பார். வேண்டிய சாமான்களைத் தோட்டக் கடையில் பற்று வைத்து வாங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் முதலாளி தம் பங்கை எடுத்துக்கொண்டு, பற்றையும் கழிப்பார். கணக்குப் புத்தகமும் அவர் கையில்தான். ஆண்டு முழுதும் உழைத்த குடும்பம், முடிவில் கடனோடு நிற்பது வழக்கமாயிற்று.

இந்தச் சூழலில் வளர்ந்த ரைலி, பத்து வயது நிறையுமுன் தாயை இழந்தார். பருத்தி பறித்தார், கோவேறு கழுதை பூட்டி உழுதார், பின்னர் டிராக்டர் ஓட்டினார். உறவினரான ஒரு மூதாட்டியின் வீட்டில் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லானி ஜான்சன் ஆகிய கலைஞர்களின் குரலைச் சிறுவன் அங்கேதான் கேட்டான். அந்த இசைத்தட்டுகளே அவனுக்கு இசைப்பள்ளி.

1946ஆம் ஆண்டில் அவர் ஓட்டிவந்த டிராக்டர் சேதமடைந்தது. முதலாளிக்கு அஞ்சி, கித்தாரோடு மெம்ஃபிஸ் நகருக்கு ஓடிப்போனார். பிறகு திரும்பி வந்து, உழைத்து அந்தக் கடனை அடைத்துவிட்டே மீண்டும் நகருக்குச் சென்றார். அங்கே கறுப்பின நேயர்களுக்காக நிகழ்ச்சிகள் நடத்திய ஒரு வானொலி நிலையம் அவருக்கு இடமளித்தது. மருந்து விளம்பரம் பாடினார்; இசைத்தட்டு அறிவிப்பாளராகவும் ஆனார். பி. பி. என்ற பெயரும் அந்த வானொலி நாள்களில் வந்ததுதான்.

புளூஸ் பாட்டின் அமைப்பு எளியது. முதலடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் மறுமொழி சொல்வது பெருவழக்கு. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் குரல் கொடுத்த பழக்கத்தின் சாயல் இதில் உண்டு. கிங் பாடும்போது கித்தாரை நிறுத்திவிடுவார். பாடி முடித்ததும் கித்தார் பதில் பேசும்.

தொகுப்பிலுள்ள பாட்டுகள் சாதாரண மக்களின் துன்பத்தைப் பேசுகின்றன. ‘பேக்வாட்டர் புளூஸ்’ என்பது வெள்ளத்தில் வீடிழந்தவரின் பாட்டு. பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகி 1927 பிப்ரவரியில் அதைப் பதிவு செய்தார். ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்தது. பல இலட்சம் மக்கள் வீடிழந்தனர். கறுப்பினத் தொழிலாளர்கள் பலர் முகாம்களில் நிறுத்தப்பட்டு, கரை வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். வெள்ளத்திற்கு முன்பே பிறந்த அந்தப் பாட்டை மக்கள் தங்கள் துயரத்தின் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர்.

ஆயினும், கிங் முதலில் வைத்த பாட்டு வேறு. அது லெமன் ஜெஃபர்சன் 1927ஆம் ஆண்டிலும் மறு ஆண்டிலும் பதிவு செய்த பாட்டு. இறந்துபோகும் ஒருவன், என் கல்லறையைத் துப்புரவாக வைத்திருங்கள் என்ற ஒரே ஓர் உதவியைக் கேட்கிறான். தொகுப்பின் பெயர் இந்தப் பாட்டிலிருந்து வந்ததே.

லெமன் ஜெஃபர்சன் கண்பார்வையற்றவர். 1926 முதல் 1929 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தவர். 1929 டிசம்பரில் சிகாகோ நகரில் இறந்தார். டெக்சஸ் மாநிலத்தில், வொர்தம் என்னும் ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையைத் துப்புரவாக வைக்கச் சொல்லிப் பாடியவருக்கு, 38 ஆண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1967ஆம் ஆண்டில்தான், அவரைப் புதைத்ததாகக் கருதப்பட்ட இடத்தில் நினைவுக் குறி வைத்தார்கள். 1997ஆம் ஆண்டில் புதிய கல் நாட்டப்பட்டது.

ஆகவே, 82 வயதில் கிங் பாடிய பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. டிராக்டர் கடனை அடைத்தவர், இந்தக் கடனையும் அடைத்தார். கிராமபோன் பெட்டியிலிருந்து தமக்குக் கற்றுக்கொடுத்த குரல்களை மறுபடியும் உலகின் காதில் சேர்த்தார். 2009ஆம் ஆண்டில் இத்தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது.

கிங் 2015ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் காலமானார். அவரை மிசிசிப்பியில் இண்டியனோலா என்னும் ஊரில், அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியக வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் முன்னொரு காலத்தில் வேலை செய்த பழைய பருத்தி ஆலைக் கட்டடம் அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது.

நேயர்களே! பாட்டைப் பாதுகாக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த தாலாட்டும் ஒப்பாரியும் உண்டல்லவா? பிள்ளைகளே, ஒரு நோட்டுப்புத்தகத்தில் அவற்றை எழுதி வையுங்கள். பாட்டை மட்டுமன்று, பாடியவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் இல்லாத கல்லறையைப் போலப் பெயர் இல்லாத பாட்டும் விரைவில் மறந்துபோகும்.