சர்க்கரைக்கொல்லி: துணை மருந்து மாற்று மருந்தான வரலாறு

முன்னுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அவற்றின்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையோடு மூலிகைப் பொடியையும் உட்கொள்வோர் இவர்களுள் உளர். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி ஒன்றையே நம்புவோரும் உளர். முன்னவர்க்கு மூலிகை ‘துணை’. பின்னவர்க்கு அதுவே ‘மாற்று’. இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிய வரலாற்றைச் சிறுகுறிஞ்சான் என்னும் கொடியை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் தமிழில் வழங்குகிறது. மலையாளத்தார் இதனைச் சக்கரக்கொல்லி என்பர். இந்தியில் இது குட்மார். வெல்லத்தை அழிப்பது என்பது அதன் பொருள். மதுநாசினி என்ற வடமொழிப் பெயரும் இனிப்பை அழிப்பது என்றே பொருள்படும். இவ்விலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலை இட்டதுபோல் இருக்கும். சிறிது நேரம் சென்றபின் நாவின் சுவையுணர்வு மீளும். இப்பெயர்கள் அனைத்தும் இவ்வனுபவத்தையே சுட்டுகின்றன எனலாம். அவை நாவில் நிகழ்வதைக் கூறுவனவேயன்றிக் குருதியில் நிகழ்வதைக் கூறுவன அல்ல.

ஆனால் இக்காலத் தமிழில் ‘சர்க்கரை’ என்னும் சொல் நோயையும் குறிக்கிறது. ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்னும் தொடரை விளக்க வேண்டுவதில்லை. உண்பொருளின் பெயர் நோய்க்கும் ஆகிவந்த நிலையில், சர்க்கரையைக் கொல்லும் இலை சர்க்கரை நோயையும் கொல்லும் என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. மூலிகையின் பெயரே அதற்கு விளம்பரமாகிவிடுகிறது.

பழைய நூல்கள் வகுத்த எல்லை

‘நீரிழிவு’ என்ற சொல்லில் உள்ள இழிதல் கீழ்நோக்கி ஒழுகுதலைக் குறிக்கும். மிகுதியாகச் சிறுநீர் கழிதல் என்ற அறிகுறியால் அமைந்த பெயர் இது. சித்த மருத்துவ மரபு மேகநோயை 20 வகையாகப் பகுக்கிறது. சரக சங்கிதையும் பிரமேகத்தை 20 எனவே வகுத்து, கபத்தால் வருவன 10, பித்தத்தால் வருவன 6, வாதத்தால் வருவன 4 எனப் பிரிக்கிறது. இவற்றுள் கபத்தின்பாற்பட்டவை தீர்க்கத்தக்கவை, பித்தத்தின்பாற்பட்டவை கட்டுப்படுத்தி வைக்கத்தக்கவை, வாதத்தின்பாற்பட்டவை தீராதவை. மதுமேகம் வாதப் பிரிவில் அடங்கும். பிறவியிலேயே அமைவது, தகாத உணவாலும் பழக்கத்தாலும் வருவது எனச் சுசுருத சங்கிதை இருவகை காட்டி, முன்னதனை உடையோர் மெலிந்தும் பின்னதனை உடையோர் பருத்தும் இருப்பர் என்கிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, எல்லா நோயாளர்க்கும் ஒரே மருந்து என்ற கருத்து இந்நூல்களில் இல்லை. மற்றொன்று, மதுமேகத்தை வேரோடு அகற்றுவதாக அவை உறுதி கூறவில்லை. ‘நிரந்தரத் தீர்வு’ என இன்று மரபின் பெயரால் விற்கப்படுவது, மரபே தர மறுத்த உறுதிமொழியாகும்.

1921க்குப் பின்

சென்னை மாகாண அரசு உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் குழு ஒன்றை அமைத்தது. அதன் செயலர் கோ. சீனிவாசமூர்த்தி, அறிக்கை 1923இல் வெளிவந்தது. சுதேச மருத்துவம் அறிவியல் தகுதி உடையதா என்பது அன்றைய பெருவிவாதம். அதே 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையச் சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை இளம்பருவத்து நீரிழிவு என்பது சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ உயிரைப் பறிப்பதாக இருந்தது. கடும் பட்டினி உணவுமுறையால் அம்முடிவைச் சற்றே தள்ளிப்போட முடிந்தது. எனவே நீரிழிவைப் பொறுத்தவரை விவாதத்தின் தன்மையே மாறிற்று. இதற்குப் பின் மாற்று எனக் கூறப்படும் எம்மருந்தும் இன்சுலினோடு ஒப்பிட்டே அளக்கப்பட வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் மூலிகை

சிறுகுறிஞ்சான் மேனாட்டார் கவனத்திற்கு வந்ததும் சுவையின் வழியாகவே ஆகும். இலையை மென்றபின் தேநீரின் இனிப்பை உணர இயலாமையை எட்ஜ்வொர்த் கண்டறிந்தார். 1847இல் இச்செய்தி பதிவாயிற்று. உதகமண்டலத்தில் சென்னை அரசின் கொயினா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் இலையை வேதியியல் முறையில் ஆராய்ந்து, இவ்விளைவுக்குக் காரணமான பொருளைப் பிரித்து ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிட்டார்.

நீரிழிவுக்கான ஆய்வுகள் அடுத்த நூற்றாண்டில் தோன்றின. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சோப்ராவும் போஸும் 1925இல் கோவைக் கொடியை ஆராய்ந்து, அது சர்க்கரையைக் குறைக்கவில்லை என்றனர். பெங்களூரில் நடைபெற்று 2008இல் வெளியான ஆய்வோ வேறு முடிவைத் தந்தது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 60 பேர் அதில் பங்கேற்றனர். கோவையின் ஆல்கஹால் சாரத்தை நாள்தோறும் 1 கிராம் வீதம் 90 நாள் உட்கொண்டவர்களுக்கு, உண்ணாநிலைச் சர்க்கரை ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. முன்னைய ஆய்வு சாற்றைக் கையாண்டது. பின்னையது செறிந்த சாரத்தைக் கையாண்டது. ஒரே செடியாயினும் பக்குவமும் அளவும் மாறினால் விளைவும் மாறக்கூடும். மேலும் பெங்களூர் ஆய்வு, மாத்திரை தேவைப்படாத தொடக்கநிலை நோயாளர்களையே தேர்ந்துகொண்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சிறுகுறிஞ்சானைப் பற்றி இன்றளவும் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவன சென்னைப் பல்கலைக்கழகத்தில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் அவர் குழுவினரும் நிகழ்த்தி 1990இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளாகும். ஒன்றில் இன்சுலின் செலுத்திக்கொள்ளும் 27 பேர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரம் தரப்பட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைந்தது. மற்றொன்றில் இரண்டாம் வகை நீரிழிவு உடைய 22 பேர் வழக்கமான மாத்திரைகளோடு அதே அளவுச் சாரத்தை 18 முதல் 20 மாதங்கள்வரை உட்கொண்டனர். அவர்களுள் 5 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது.

இவ்வாய்வுகளைக் கூர்ந்து நோக்கினால் மூன்று உண்மைகள் புலனாகும். சாரம் வழக்கமான மருந்தோடு சேர்த்தே தரப்பட்டது. இன்சுலினின் தேவை குறைந்ததேயன்றி நீங்கவில்லை. 22 பேருள் 17 பேர் மாத்திரையைத் தொடர்ந்தனர். பங்கேற்றோர் தொகையும் சிறிது. ஆய்வாளர் எழுதியது துணை மருந்தைப் பற்றி. விற்பனைத் தாள்கள் எடுத்துக்கொண்டதோ மாத்திரையை நிறுத்திய ஐவரை மட்டுமே.

மூலிகையிலிருந்து மாத்திரை

மூலிகையும் மாத்திரையும் பகையானவை என்ற கருத்துக்கு மெட்ஃபார்மின் மறுப்பாக நிற்கிறது. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியில் கலேகின் என்ற பொருள் உண்டு. அது சர்க்கரையைக் குறைக்கும், நச்சுத்தன்மையும் உடையது. அதனோடு வேதியியல் உறவுடைய மெட்ஃபார்மின் 1922இல் உருவாக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். அமெரிக்கா 1994இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே, மூலிகைக்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு இயற்கை, செயற்கை என்பதன்று; அளவு அறியப்பட்டதா, தீங்கு சோதிக்கப்பட்டதா என்பதேயாகும்.

மூலிகை எனப்படும் யாவும் மூலிகையே என்பதும் உறுதியன்று. நீரிழிவுக்கென விற்கப்பட்ட சில சீன மூலிகைப் பொருள்களில் கிளிபென்கிளமைடு, ஃபென்ஃபார்மின் ஆகிய வேதி மருந்துகள் மறைவாகக் கலந்திருந்ததைக் கலிபோர்னியா மாநில நலத்துறை 2000இல் கண்டறிந்து எச்சரித்தது. இவற்றுள் ஃபென்ஃபார்மின், தீய விளைவு கருதி அமெரிக்காவில் 1977இலேயே விலக்கப்பட்டதாகும். இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு அகப்படாமல் விற்க விரும்புவோர்க்குச் ‘சர்க்கரைக்கொல்லி’ என்னும் பெயர் ஒன்றே போதுமானதாகிறது.

முடிவுரை

சிறுகுறிஞ்சானின் வரலாறு மூலிகையைத் தள்ளவும் இடந்தரவில்லை. மருந்தை நிறுத்தவும் இடந்தரவில்லை. நாவின் இனிப்பை மறைப்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. குருதிச் சர்க்கரையைக் குறைக்கத் துணைபுரியலாம் என்பதற்குச் சிறிய அளவிலான சான்றுகள் உள்ளன. இன்சுலினுக்கு மாற்றாகும் என்பதற்குச் சான்று இல்லை. முதல்வகை நீரிழிவு உடையவர் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே இறுதியாகலாம். மருத்துவர் அறியாமல் மாத்திரையோடு மூலிகையும் கொள்பவர்க்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும்.

இவ்வரலாற்றில் மொழியின் பங்கு சிறிதன்று. சுவையைக் குறித்த சொல் நோயைக் குறித்ததும், துணை என்று எழுதப்பட்டது மாற்று என்று வாசிக்கப்பட்டதும் சொற்பொருள் மாற்றங்களே. மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் கலைச்சொல் ஆக்குவோரும் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுவது, உயிர் காக்கும் பணியாகவும் அமையும்.